படைப்பு ஆர்வமும் வருமானமும்: கல்லூரியில் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைதல், எழுத்து, இசை, திரைக்கலை, வடிவமைப்பு என்று ஏதோ ஒன்றில் மனம் தோய்ந்தவர்கள், சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு வருமானமும் வேண்டும் என்று எண்ணும்போது எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறவர்களையும், கல்லூரியில் சேர்ந்த பிறகு எடுத்த பாடம் சரிதானா என்று தவிப்பவர்களையும், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

எந்தப் பாடத்தை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது என்ன?

அந்தப் பட்டம் இல்லாமல் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான நாடுகளில் கட்டடக் கலைஞராகப் பதிவு பெற அங்கீகரிக்கப்பட்ட பட்டமும், அதன் பிறகு மேற்பார்வையின் கீழ் சில ஆண்டுப் பயிற்சியும், தேர்வும் கட்டாயம். சட்டமும் மருத்துவமும் அப்படித்தான். இப்படிப்பட்ட துறைகளில் பட்டம் என்பது வாசற்கதவின் சாவி. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க இயலாது. மாறாக, நாவல் எழுதுவதற்கோ, ஓவியம் விற்பதற்கோ, புகைப்படம் எடுப்பதற்கோ, வலைத்தளம் வடிவமைப்பதற்கோ யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை. செய்த வேலையைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்ததாக, கல்லூரியை விட்டு வெளியே வந்தால் கற்பது கடினமாகிவிடும் விஷயங்கள் எவை என்று பார்க்க வேண்டும். கணிதம், புள்ளியியல், இயற்பியல், நிரலாக்கத்தின் அடிப்படைக் கோட்பாடுகள் போன்றவை படிப்படியாக, ஒழுங்காக, தவறைத் திருத்துபவர் ஒருவர் அருகில் இருக்கக் கற்க வேண்டியவை. முப்பது வயதில் வேலையும் குடும்பமுமாக இருக்கும்போது அவற்றைத் தனியே உட்கார்ந்து தொடங்கி முடிப்பவர்கள் குறைவு. ஒரு மென்பொருளில் படத்தைத் திருத்துவதையோ காணொளியைத் தொகுப்பதையோ சில மாதங்களில் வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம்.

கலைக் கல்லூரிகள் தருவது மென்பொருள் பயிற்சியைவிட அரிதான ஒன்று. வாரந்தோறும் நம் வேலையைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் சக மாணவர்களும் அதை முகத்துக்கு நேரே விமர்சிக்கும் பழக்கம் அங்கே உண்டு. நான்கு ஆண்டுகள் அப்படி விமர்சனத்துக்கு ஆட்பட்ட கையும், தனியறையில் தானே மெச்சிக்கொண்டு வளர்ந்த கையும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, ஒரு கல்லூரியில் இந்த விமர்சன வகுப்பு உண்மையில் நடக்கிறதா, ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை விசாரித்துவிட்டுத்தான் பாடத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

படைப்புத் துறைகளில் வருமானம் உண்மையிலேயே குறைவா?

சராசரியாகப் பார்த்தால் குறைவுதான். பிரிட்டனின் நிதியியல் ஆய்வுக் கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பால் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் நிதி ஆதாயம் மருத்துவம், பொருளாதாரம், சட்டம் ஆகியவற்றில் மிக அதிகமாகவும், படைப்புக் கலைகளில் மிகக் குறைவாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டு மாணவர்களுக்கு நம்பிக்கையூட்டுவது நேர்மையாகாது.

ஆனால் ஏன் குறைவு என்ற காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்தத் தகவல் பயன்படும். பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், ஒரே நிகழ்ச்சியைப் பதிவு செய்து லட்சக்கணக்கானோருக்குக் கொண்டு சேர்க்க முடிகிற துறைகளில், திறமையில் இருக்கும் சிறு வேறுபாடுகூட வருமானத்தில் மிகப் பெரிய வேறுபாடாக விரியும் என்று விளக்கினார். மிகச் சிறந்த பாடகரின் பதிவு கையருகே கிடைக்கும்போது, அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரின் பதிவைக் காசு கொடுத்து வாங்குபவர் குறைந்துவிடுகிறார். உச்சியில் இருக்கும் சிலருக்குக் கோடிகளும், எஞ்சியவர்களுக்குச் சொற்பமும் கிடைப்பது இதனால்தான். நிகழ்த்துகலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் ஆகிய இருவர் 1966இல் சுட்டிக்காட்டியபடி, நான்கு வாத்தியங்களுக்காக இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இசையை இன்று வாசிக்கவும் அதே நான்கு பேரும் அதே அளவு நேரமும் தேவை. தொழிற்சாலையில் இயந்திரத்தால் உற்பத்தி பெருகுவதுபோல் அங்கே பெருகுவதில்லை. ஆனால் கலைஞருக்கும் மற்றவர்களைப் போலவே விலைவாசி ஏறுகிறது.

இந்த இரண்டு விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தன் படைப்பைப் பொதுமக்களிடம் நேரடியாக விற்று வாழ்பவரின் வருமானம்தான் இப்படி ஏறி இறங்குகிறது. படைப்புத் திறனை ஒரு நிறுவனத்தின் தேவைக்காகப் பயன்படுத்தி மாதச் சம்பளம் பெறுபவருக்கு, அதாவது பொருள் வடிவமைப்பாளர், விளம்பர எழுத்தாளர், அசைவூட்டக் (அனிமேஷன்) கலைஞர், ஒலிப் பொறியாளர் போன்றோருக்கு, வருமானம் மற்ற அலுவலகப் பணிகளை ஒத்துச் சீராக இருக்கும். கலை என்ற ஒரே தலைப்பின் கீழ் இந்த இரு கூட்டத்தாரையும் அடைத்துவிட்டுச் சராசரி பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

சம்பளப் புள்ளிவிவரங்களை எப்படி வாசிக்க வேண்டும்?

சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பைத் தேடுங்கள். பத்துப் பட்டதாரிகளில் ஒருவர் மட்டும் பெரும் புகழ் பெற்றுவிட்டால், சராசரி உயர்ந்து நின்று மற்ற ஒன்பது பேரின் நிலையை மறைத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பார்ப்பதும், அதோடு கீழ்க் கால்பகுதியில் இருப்பவரின் சம்பளத்தைப் பார்ப்பதும் உண்மையைக் காட்டும். கீழ்க் கால்பகுதியின் வருமானத்தில் உங்களால் வாழ முடியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால், அந்தத் துறையில் இறங்குவதில் அச்சம் குறைவு.

முதல் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறான கணக்கு. டேவிட் டெமிங், கதீம் நோரே ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்நுட்பம் வேகமாக மாறும் பாடங்களைப் படித்தவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் அதிகமாக இருந்தாலும், மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகப் பெறும் தொகை முதல் பத்தாண்டுகளில் கணிசமாகச் சுருங்குவதைக் காட்டினார்கள். கற்ற திறன்கள் பழையதாகிவிடுவதே காரணம். பத்தாவது ஆண்டில் என்ன கிடைக்கிறது என்ற தகவல் கிடைத்தால் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

மூன்றாவதாக, அதிகச் சம்பளம் தரும் பாடத்தைப் படித்தவர்கள் அனைவரும் அந்தப் பாடத்தால் மட்டுமே அதைப் பெறவில்லை. நார்வே நாட்டின் கல்லூரிச் சேர்க்கைத் தரவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தது. ஒரே மதிப்பெண் நிலையில் இருப்பவர்களிடையேகூட, எடுத்த துறையைப் பொறுத்து வருமானம் பெரிதும் மாறுகிறது என்பது ஒரு முடிவு. தங்களுக்கு எந்தத் துறை கைகொடுக்குமோ அதையே மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்க முனைகிறார்கள் என்பது மற்றொரு முடிவு. இரண்டாவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். விருப்பம் என்பது வெறும் ஆசை மட்டுமன்று. தன் திறன் எங்கே பலன் தரும் என்று மனத்துக்குள் இருக்கும் ஒரு மதிப்பீடும் அதில் அடங்கியிருக்கிறது.

படைப்பும் வருமானமும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும் பாடங்கள் எவை?

பெயர்ப் பட்டியலைத் தருவதற்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் பட்டியலைப் பார்த்துச் சேர்பவர்களில் பலர் அந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும் என்று தெரியாமலே சேர்கிறார்கள். இருந்தாலும் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை: கட்டடக்கலை, தொழில்துறை வடிவமைப்பு, மனிதர்–கணினி ஊடாட்டம், கணினி வரைகலை, விளையாட்டு உருவாக்கம், ஒலிப் பொறியியல், நிலத்தோற்ற வடிவமைப்பு, விளம்பரமும் சந்தைப்படுத்தலும், தொழில்நுட்ப எழுத்து, தரவுக் காட்சிப்படுத்தல், மருத்துவ ஓவியம் ஆகியவை இந்த வகையில் சேரும். இவை அனைத்திலும் படைப்புத் திறனோடு இன்னொரு கடினமான அறிவும் தேவைப்படுகிறது. மருத்துவ ஓவியருக்கு உடற்கூறியல் தெரிய வேண்டும். ஒலிப் பொறியாளருக்கு அலைகளின் இயற்பியல் தெரிய வேண்டும். அந்த இரண்டாவது அறிவைச் சுமக்கத் தயாராக இருப்பவர்கள் குறைவு என்பதால்தான் சம்பளம் கூடுகிறது.

நாள்தோறும் நடப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செயலி ஒன்றின் பயன்பாட்டு வடிவமைப்பாளர் காலையில் உட்காருகிறார். பணம் அனுப்பும் திரையில் கணக்கு எண்ணைத் தவறாகத் தட்டியவர்களுக்கு, ‘பிழை ஏற்பட்டது’ என்ற ஒரே வரி சிவப்பில் தோன்றுகிறது. அதைக் கண்டு பயந்து பலர் செயலியை மூடிவிடுகிறார்கள். அவர் அந்த வரியை, ‘கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது, உங்கள் பணம் எங்கும் செல்லவில்லை’ என்று மாற்றி எழுதுகிறார். அது எந்த இடத்தில் தோன்ற வேண்டும், நிறத்தைப் பிரித்தறிய முடியாதவருக்கு அது எப்படித் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் முதியவரின் திரையில் வரி உடையுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பிறகு ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பேசாமல் கவனிக்கிறார். அரை நாள் ஓடிவிடுகிறது. இதை வாசிக்கும்போதே சுவாரசியமாகத் தோன்றினால் அந்தப் பாடம் உங்களுக்கு ஏற்றது. இதில் கலை எங்கே இருக்கிறது என்று சலிப்பாக இருந்தால், சம்பளத்துக்காக மட்டும் அதில் சேராதீர்கள்.

இரண்டு துறைகளின் எல்லையில் நின்றவர்களின் வாழ்க்கையையும் பார்க்கலாம். எட் கேட்மல் சிறுவயதில் அசைவூட்டக் கலைஞராக வேண்டும் என்று விரும்பியவர். தன் வரைதிறன் அதற்குப் போதாது என்று கருதி யூட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணினி அறிவியலும் படித்தார். 1974இல் முனைவர் பட்டம் பெற்று, வளைந்த பரப்புகளைக் கணினியில் வரைவதற்கான அடிப்படை முறைகளை உருவாக்கி, பிறகு கணினி அசைவூட்டப் படங்களைத் தயாரிக்கும் பிக்சார் நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரானார். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது, 2019ஆம் ஆண்டுக்கு, அவருக்கும் பாட் ஹன்ராஹனுக்கும் கிடைத்தது. எதிர்த்திசையிலும் ஒருவர் உண்டு. சூசன் கேர் நுண்கலையில் 1978இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1984இல் வெளியான ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினியின் திரைச் சின்னங்களைக் கட்டத்தாளில் ஒவ்வொரு சதுரமாக நிரப்பி வடிவமைத்தார். ஒருவர் அறிவியல் வழியாகவும் மற்றவர் கலை வழியாகவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

விருப்பத்தையே தொழிலாக்கினால் அந்த விருப்பம் செத்துவிடாதா?

இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட சோதனையில், வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆகவே, பரிசு கிடைப்பது ஆர்வத்தைக் கெடுப்பதில்லை. பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்ற எண்ணம் குடிபுகுவதுதான் கெடுக்கிறது.

பெரியவர்களுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் சொன்ன நிறத்தில், சொன்ன அளவில், நள்ளிரவுக்குள் முடித்துத் தரும் வேலையை மட்டுமே ஆண்டுக்கணக்கில் செய்பவர் களைத்துப்போகிறார். அதனுடன் யாரும் கேட்காத ஒரு சொந்த வேலையையும் தொடர்ந்து செய்பவர் தாக்குப்பிடிக்கிறார். உங்கள் கலையில் மற்றவர் சொல்படி மாற்றம் செய்யும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, அல்லது அதுவே ஒரு புதிராகச் சுவைக்கிறதா என்று கவனியுங்கள். கோபம் வருபவர்கள், அந்தக் கலையைச் சம்பளத்துக்கு வெளியே வைத்திருப்பதே நல்லது.

வேறு துறையில் படித்து வேலைக்குச் சென்று, கலையைத் தனியாக வைத்துக்கொள்வது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம் என்பதற்குச் சாட்சிகள் பலர். ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் 1884இல் மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவம் பார்த்துக்கொண்டே எழுதினார். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் துணைத் தலைவராகப் பணியாற்றியபடி கவிதை எழுதி, 1955இல் புலிட்சர் பரிசு பெற்றார். இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸும் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவரே.

ஆனால் இவர்கள் எழுத்தாளர்களாகவும் இசையமைப்பாளராகவும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். தாளும் பேனாவும் தனிமையும் இருந்தால் நடந்துவிடும் கலைகள் அவை. எழுத்தாளருக்கு ஐம்பது வயதில் முதல் நல்ல நூல் வந்தாலும் யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. உடலைக் கருவியாகக் கொண்ட கலைகள் அப்படிக் காத்திருப்பதில்லை. மேடை நடனத்திலும், வயலின் போன்ற வாத்தியங்களைத் தொழில்முறைத் தரத்தில் வாசிப்பதிலும், இளம்பருவத்தில் செலுத்த வேண்டிய மணிநேரங்களைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். திரைப்படமும் நாடகமும் கூட்டு முயற்சிகள். கல்லூரியில் கிடைக்கும் நண்பர் குழுவே பல ஆண்டுகளுக்குப் பணிக்குழுவாக நீடிக்கிறது. அந்தக் குழுவைத் தவறவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம் எடுப்பது எளிதன்று. எனவே, கலையைத் தள்ளிவைக்கலாமா என்பதற்கான பதில் உங்கள் கலை எது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. தனியாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், எடுக்கும் வேலை மாலைப் பொழுதை விட்டுவைக்கும் வேலையாக இருக்க வேண்டும். அதிகச் சம்பளம் தருகிறது என்பதற்காக முதலீட்டு வங்கியிலோ பெரிய சட்ட நிறுவனத்திலோ சேர்ந்தால், பணம் சேரும், வாரத்தில் ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. நடுத்தரச் சம்பளமும் ஒழுங்கான நேரமும் கொண்ட ஆசிரியப் பணி, நூலகப் பணி, புள்ளியியல் பணி, அரசுப் பணி போன்றவை இந்த வழிக்கு மிகவும் பொருந்துகின்றன.

இரண்டு முதன்மைப் பாடங்களை எடுப்பது நல்லதா, துணைப்பாடம் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குத் துணைப்பாடம் போதும். இரட்டைப் பாடத்தில் கட்டாய வகுப்புகள் பெருகி, சொந்தமாக எதையும் செய்து பார்க்கும் நேரம் கரைந்துவிடுகிறது. ஓவிய மாணவர்களுக்கு அந்த நேரம்தான் உயிர். இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று உதவும்போது மட்டும், உதாரணமாகக் கணினி அறிவியலும் இசையும் படித்து ஒலி மென்பொருள் உருவாக்க எண்ணும்போது, அந்தச் சுமையை ஏற்பது தகும். முதன்மைப் பாடமாகக் கடினமான அடிப்படை அறிவையும், துணைப்பாடமாகக் கலையையும் வைத்துக்கொள்வது பலருக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் விமர்சன வகுப்புகளில் துணைப்பாட மாணவர்களை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பல கல்லூரிகளில் அவை முதன்மைப் பாட மாணவர்களுக்கு மட்டுமே.

எனக்குப் பல விஷயங்களில் நாட்டம் இருக்கிறது. எது உண்மையான ஆர்வம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்வம் என்பது எங்கோ ஒளிந்திருந்து ஒருநாள் வெளிப்படும் பொருள் என்று நம்புபவர்கள், முதல் தடை வந்ததும் இது நமக்கானது இல்லை போலும் என்று கைவிட்டுவிடுகிறார்கள். பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆர்வம் வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று கருதியவர்கள் கடினமான பகுதி வந்தபோதும் அவ்வளவு சீக்கிரம் விலகவில்லை. தங்கள் துறைக்கு வெளியே உள்ளவற்றிலும் நாட்டம் காட்டினார்கள்.

எனவே கண்டுபிடிப்பதற்கு மாறாகச் செய்து பாருங்கள். நாட்டமுள்ள ஒவ்வொன்றிலும் சிறியதாக ஒரு முழுமையான வேலையை முடியுங்கள்: மூன்று நிமிடக் குறும்படம், எட்டுப் பக்கச் சிறுகதை, ஒரு நாற்காலியின் அட்டை மாதிரி. அதன் உற்சாகமான பகுதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை; அது எல்லாருக்கும் பிடிக்கும். படத்தொகுப்பில் ஒலியையும் உதட்டசைவையும் பொருத்திப் பார்க்கும் ஐந்தாவது மணி நேரத்தில், கதையை ஏழாவது முறையாகத் திருத்தும்போது, எந்த வேலையில் இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றியது என்பதைக் குறித்துவையுங்கள்.

என் திறமை போதுமா என்று யாரிடம் கேட்பது?

குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கேட்பதில் பயனில்லை. அந்தத் தொழிலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் உங்கள் வேலைத் தொகுப்பைக் காட்ட வேண்டும். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெருகேறிய இருபது படங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, ஒரே சுவரொட்டிக்காக வரைந்து கைவிட்ட நான்கு பென்சில் வரைவுகள் உள்ள பக்கத்தில் நின்றுவிடுவார்கள். இரண்டாவது வரைவில் தலைப்பு ஏன் கீழே போனது, மூன்றாவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லும் முறையிலிருந்து, இந்த ஆள் தற்செயலாக நன்றாகச் செய்தவரா, யோசித்துச் செய்தவரா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே, வரைவுகளைத் தூக்கி எறியாதீர்கள், தேதியிட்டு வையுங்கள். எட்டு அல்லது பத்து நல்ல வேலைகள், ஒவ்வொன்றின் பின்னணியோடும் இருந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு படைப்புத் துறையில் இறங்குவது ஆபத்தில்லையா?

2022ஆம் ஆண்டில் படத்தையும் உரையையும் உருவாக்கும் மென்பொருள்கள் பொதுமக்களின் கைக்கு வந்த பிறகு இந்தக் கவலை நியாயமானது. குறைந்த கட்டணத்தில் பொதுவான படங்களையும் விளம்பர வரிகளையும் செய்துகொடுத்தவர்களின் வேலை நேரடியாகப் பாதிக்கப்படுகிறது, அதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில் நிரலாக்கம், மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு ஆகியவற்றையும் இந்த மென்பொருள்கள் தொடுகின்றன. கலையை விட்டு ஓடினால் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய இடம் எளிதாகப் புலப்படவில்லை.

1839இல் புகைப்படக்கலை அறிமுகமானபோது, சிறிய உருவப்படங்களை வரைந்து விற்ற ஓவியர்களின் தொழில் சில பத்தாண்டுகளிலேயே நலிந்தது. அவர்களில் பலர் புகைப்பட நிலையங்களுக்கு மாறினார்கள். வாடிக்கையாளரை உட்காரவைப்பது, ஒளியை அமைப்பது, முகத்தில் எதைக் காட்டுவது என்ற அவர்களின் பழைய அறிவு அங்கே கைகொடுத்தது. இன்று பாடத்தைத் தேர்ந்தெடுப்பவரும் இந்த நோக்கில் பார்க்கலாம். ஒரு மென்பொருளை இயக்கக் கற்றுத்தருவதை மட்டுமே மையமாகக் கொண்ட படிப்பைத் தவிருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது, மக்களிடம் பேசித் தேவையை அறிவது, நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறிவது, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பது ஆகியவற்றைப் பழக்கும் படிப்பைத் தேடுங்கள்.

ஒப்பந்தம், பதிப்புரிமை பற்றிய அறிவையும் இதோடு சேர்க்க வேண்டும். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உரையைக் கொண்டு எழுத்தாளரின் உரிமையையும் ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்ற விதிகளை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். படைப்பவருக்குத் தன் உரிமை தெரிந்திருந்தால் மட்டுமே இப்படிப் பேரம் பேச முடியும். பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வகுப்பாவது எடுக்காமல் எந்தக் கலை மாணவரும் கல்லூரியை விட்டு வெளியேறக் கூடாது என்பேன்.

கல்விக்கடன் வாங்கிக் கலைப் படிப்பில் சேரலாமா?

முதல் சில ஆண்டுகளில் வருமானம் சீராக இருக்காத துறைக்கு, மாதந்தோறும் தவறாமல் கட்ட வேண்டிய பெரிய கடன் பொருந்தாது. கட்டணம் குறைவான கல்லூரி, உதவித்தொகை, குறுகிய காலப் படிப்பு ஆகியவற்றை முதலில் தேடுங்கள். கடன் இல்லாதவரால் குறைந்த சம்பளத்தில் நல்ல ஸ்டூடியோ ஒன்றில் ஓராண்டு கற்றுக்கொள்ள முடியும். கடன் உள்ளவர் கிடைத்த வேலையில் அமர்ந்தாக வேண்டும்.

பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை, என்ன செய்வது?

அவர்களின் மறுப்பில் அன்பும் அச்சமும் கலந்திருக்கின்றன. கலையின் மேன்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்த அச்சம் தணியாது. அந்தப் பாடத்தை முடித்தவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், வேலை கிடைக்காவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எழுதிக் காட்டுங்கள். முடிந்தால் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரை அவர்களுடன் நேரில் பேசவையுங்கள். உங்களுக்குக் கிடைத்த முதல் கட்டண வேலை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நீண்ட விவாதங்கள் செய்யாததைச் செய்யும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிடிக்காத பாடத்தில் கடைசி வரிசையில் தேறும் பிள்ளைக்கு, அந்தப் பாடத்தின் நல்ல சம்பளம் கிடைப்பதில்லை. சம்பளப் பட்டியலில் காணும் எண் அதில் ஊன்றிப் படித்தவர்களுடையது.

தவறான பாடத்தில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால்?

அப்படித் தோன்றுவது அரிதன்று. அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளியியல் மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதன்மைப் பாடத்தை அறிவித்த இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குள் ஒருமுறையாவது அதை மாற்றிக்கொண்டார்கள். ஜாஹா ஹதீத் பெய்ரூட்டில் கணிதம் படித்துவிட்டு, 1972இல்தான் லண்டனில் கட்டடக்கலை படிக்கத் தொடங்கினார். 2004இல், கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

மாறுவதற்கு ஒரு திசை எளிது, மறுதிசை கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கணிதமும் அறிவியலும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வகுப்புகள்; முதல் ஆண்டில் அவற்றை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் பொறியியலுக்கு மாற நினைத்தால், ஏறக்குறைய தொடக்கத்திலிருந்தே வர வேண்டியிருக்கும். இலக்கியத்துக்கோ ஊடகவியலுக்கோ மாறுவதில் அவ்வளவு தடை இல்லை. முடிவு தெரியாதவர்கள் முதல் இரண்டு பருவங்களில் ஒரு கணித வகுப்பையும், விமர்சனம் நடக்கும் ஒரு கலை வகுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது நல்லது. மாறுவது என்று முடிவெடுத்தால், எந்தெந்த வகுப்புகள் புதிய பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதைத் துறையிடமிருந்து எழுத்துப்பூர்வமாக வாங்கிக்கொண்ட பிறகே பழைய பாடத்திலிருந்து விலகுங்கள்.